நான்கு கிராம்

எடைச்சீட்டு இரவு பத்தேகாலுக்கு வந்தது.
பதினாலு டன். உலோக உதிரிப் பாகங்கள்.
ஒரே பெட்டி, நீலம்.
ஜெனோவாத் துறைமுகத்தில் நீலப் பெட்டிக்கா பஞ்சம்?
ஓர்னெல்லா பேனாவைத் திறந்தாள்.
அனுப்புநர் என்ற கட்டத்தில்
தங்கை புருஷன் வேலை பார்க்கும் ஆலையின் பெயர்.

பெயர் மட்டும் வேறாக இருந்தால் போட்டிருப்பாள்.
இருபத்திரண்டு வருஷமாய்ப் போட்டுப் பழகிய கை.
பளிங்குக்கல், தக்காளி டப்பா, கழிப்பறைத் தொட்டி,
ஒருமுறை ஒரு சர்க்கஸ்காரனின் கூடாரம்,
எல்லாம் அவள் கையெழுத்தில்தான் கடலேறின.
மலைக்குப் பின்னால் அந்த ஆலை
காபிக் கெண்டி செய்வதில்லை.
அது செய்வது ஒன்றே ஒன்று:
தோட்டாவோடு தோட்டாவைக் கோக்கிற,
கட்டைவிரல் அகலத்துக்கு வளைத்த தகடு,
கண்ணி.

கண்ணி ஒன்றின் எடை நான்கு கிராம்.
ஒன்று அவள் சாவிக்கொத்திலேயே இருக்கிறது.
ஐந்து கிறிஸ்துமஸுக்கு முன் செவெரினோ கொடுத்தது.
"மெஷினிலிருந்து சுடச்சுட உனக்காக எடுத்தேன்."
வீட்டுச் சாவி, லாக்கர் சாவி,
விற்றுவிட்ட ஃபியட்டின் சாவி,
மூன்றில் ஒன்றையும் இதுவரை அது தவறவிட்டதில்லை.
எண்ணுவது அவள் தொழில். எண்ணினாள்.
பதினாலு டன்னை நாலு கிராமால் வகுத்தால்
முப்பத்தைந்து லட்சம்.
இந்த ஊரில் தொட்டில் குழந்தைவரை
ஆளுக்கு ஆறு கொடுத்தாலும் மீதி.

மீதியை எங்கே இறக்குவார்கள்?
சேருமிடம் என்று இன்னொரு துறைமுகம்.
அதற்கப்பால் சீட்டில் எழுத்து இல்லை.
அதற்கப்பால் உள்ளதை அவள் டிவியில் பார்த்திருக்கிறாள்,
சத்தத்தைக் குறைத்துவிட்டு, பாஸ்தா வடிக்கிற நேரத்தில்:
பாதிச் சுவர்,
அந்தப் பாதியில் இன்னும் தொங்குகிற நாள்காட்டி.
எந்த மாதமென்று பார்ப்பதற்குள்
விளம்பரம்.

விளம்பரம் ஏதுமின்றித்தான் நடந்தது.
கிரேன் மேலிருந்த கஸ்பாரேக்கு வாக்கிடாக்கியில் சொன்னாள்:
"நீலத்தைத் தொடாதே."
ஏன் என்றான். சொன்னாள்.
வெகுநேரம் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது.
பிறகு அவன் கிரேனில் விளக்கு அணைந்தது.
பக்கத்துக் கிரேன்.
அதற்கடுத்தது.
கீழே நின்றவர்கள் கையுறைகளைக் கழற்றி
ஒரு டிரம்மின் மேல் அடுக்கினார்கள்.
கோஷம் இல்லை. கொடி இல்லை.
மேலாளர் மூன்று முறை வந்தார்,
மூன்றாம் முறை கோட்டு இல்லாமல்.
காபி மெஷினுக்குப் போடச் சில்லறை தீர்ந்துபோயிற்று.

பதினோரு நாள் பெட்டி அங்கேயே கிடந்தது.
கடற்காகங்கள் எச்சமிட்டன. வேறு சேதமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில்,
ரொட்டியைப் பிய்த்தபடி செவெரினோ சொன்னான்:
"அது யாரையும் கொல்லாது தெரியுமா?
சுட்டதும் கழன்று காலடியில் விழுந்துவிடும்.
தோட்டாதான் போகும். அது போகாது."
உண்மைதான்.
அது எங்கும் போவதில்லை.
அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டிவருகிறது,
அவ்வளவுதான்.
"இரண்டாவது ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள்" என்றாள் தங்கை
தட்டைப் பார்த்து.
"வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம்."
சூப்பில் உப்பு குறைவு.
யாரும் கேட்டு வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பெட்டி லாரி ஏறியது.
வடக்கே எங்கோ வேறொரு துறைமுகம்,
வேறொரு மேஜை,
வேறொரு பேனா,
வேறொரு விடிகாலை.

விடிகாலை ஷிஃப்ட் முடிந்து
நாலாம் மாடி இருட்டில் சாவி தேடும்போது
விரலில் முதலில் தட்டுப்படுவது அதுதான்.
கழற்றி எறிய ஒருமுறை முயன்றாள்.
நகம் உடைந்தது.
நன்றாகத்தான் செய்திருக்கிறான்.
ஏதோ ஒரு வெங்காய வயலில்
முப்பத்தைந்து லட்சமும் ஒவ்வொன்றாய்க் கழன்று விழும்போது
என்ன சத்தம் கேட்கும்?
கதவைத் திறக்காமல் நின்று
சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கிறாள்.